ஊற்றுத் தண்ணீருக்கு எதற்கு ஆர்.ஓ.?

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டு ஆர்.ஓ. மெஷின் ஒரு பெரிய காரியம் செய்துவிட்டது, பசங்களா. ஒரு ஊரையே வடிகட்டிவிட்டது!

என் மனைவி செல்வி காய்ச்சலில் கிடந்து தேறிக்கொண்டிருந்தாள். சுத்தமான தண்ணீர் நிறைய குடிக்க வேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். இவளோ ஒரு வாய்க்கு மேல் இறக்கமாட்டேன் என்கிறாள்.

"மெஷின் தண்ணி வாய்க்கு ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்குதுங்க. எங்கூரு ஊத்துத் தண்ணின்னா ஒரு சொம்பு குடிப்பேன்."

அவள் ஊர் வெள்ளிமலைக்கு அந்தப் பக்கம். அங்கே இருக்கும் அவள் தம்பி முருகேசனுக்கு போன் போட்டேன். மறுநாளே ஒரு கேன் நிறைய ஊற்றுத் தண்ணீரோடு கள்ளக்குறிச்சியில் எங்கள் வீட்டுக்கு வந்து இறங்கினான். அவனோடு டீக்கடைக்குப் போனேன். திரும்புவதற்குள் ஆறாம் வகுப்பு படிக்கும் எங்கள் மகள் யாழினி வேலையை முடித்துவிட்டாள்.

எங்கள் தெருக்குழாயில் பிரஷர் கிடையாது. அதனால் மெக்கானிக் உயரப் பலகையில் ஒரு வாளி வைத்து, அதிலிருந்து மெஷினுக்குக் குழாய் இறக்கியிருக்கிறார். யாழினி மெஷினிலிருந்த பழைய தண்ணீரைக் காலி செய்துவிட்டு, ஸ்டூல் மேல் ஏறி, கேன் தண்ணீர் முழுவதையும் அந்த வாளியில் ஊற்றியிருக்கிறாள்!

செல்வி ஆசையாக ஒரு வாய் குடித்தாள். முகம் சுருங்கியது.

"இன்னாடா இது? இந்த வூட்டு மெஷின் தண்ணிதானே?"

"சுத்தம் பண்ணிட்டேம்மா!" என்றாள் யாழினி, பெருமையாக.

"அடிப்பாவி! மலையிலேருந்து பஸ்ல மடியில வச்சிக்கினு வந்தேன். அதையா மெஷின்ல ஊத்துன?" என்று தலையில் அடித்துக்கொண்டான் முருகேசன்.

"டாக்டர்தான் மாமா சுத்தமான தண்ணி குடுக்கச் சொன்னாரு..."

அவள் சொன்னதில் என்ன தப்பு? மெஷினுக்குள் ஒரு மெல்லிய சவ்வைச் சுருட்டி வைத்திருப்பார்கள். சும்மா விட்டால், உப்பு கம்மியான தண்ணீர்தான் சவ்வைத் தாண்டி உப்பு ஜாஸ்தியான பக்கம் போகும். மோட்டார் அழுத்தித் தள்ளி அதைத் தலைகீழாக்குகிறது. தண்ணீர் சவ்வைத் தாண்டிவிடும்; உப்பு மாட்டிக்கொள்ளும்.

எங்கள் தெருக்குழாயில் வரும் போர் தண்ணீருக்கு அது தேவைதான். வாயில் வைக்க முடியாத உப்பு. ஆனால் அந்தச் சவ்வுக்கு நல்லது கெட்டது தெரியுமா? கால்சியம், மெக்னீசியம் என்று உடம்புக்கு வேண்டியதையும், நாக்குக்கு ருசி தருவதையும் சேர்த்தே நிறுத்திவிடும். நிறுத்தியதை அடித்துக்கொண்டு போக இன்னும் நிறைய தண்ணீர் வேஸ்ட் குழாய் வழியே வெளியே போகும். மலைத் தண்ணீரில் உப்பே கம்மி... கிருமிக்குப் பயந்தால் நன்றாகக் கொதிக்க வைத்து ஆற்றியிருந்தாலே போதும்.

யாழினியின் கண் கலங்கிவிட்டது. அதைப் பார்த்த செல்வி, டம்ளரை மறுபடி எடுத்தாள். ஒரே மூச்சில் குடித்துமுடித்தாள்.

"நல்லாத்தான் இருக்குது குட்டி. இன்னொரு டம்ளர் குடு."

டாக்டரும் நானும் கெஞ்சி நடக்காதது நடந்துவிட்டது!

சாயங்காலம் பார்த்தால், செல்வி வேஸ்ட் குழாய்க்கு அடியில் இருக்கும் பக்கெட்டில் கையை விட்டபடி தனியாக உட்கார்ந்திருந்தாள்.

"இன்னா செல்வி?"

"ஒண்ணுமில்லீங்க... எங்கூரு இதுலதான் இருக்குது."

வழக்கமாக அந்தத் தண்ணீரில்தான் பாத்திரம் கழுவுவோம். அன்று யாரையும் அவள் தொட விடவில்லை.