குடிதண்ணீர் இல்லாத தீவு

துடியலூர் பேக்கரியில் டீயும் தேங்காய் பன்னுமாக உட்கார்ந்திருந்தேன். பக்கத்து மேசைக்காரரின் போனில் செய்தி சத்தமாக ஓடியது. எல்லையோரத் தீவு ஒன்றில் புது ஓடுதளம், ராடார், வரிசையாகப் பட்டாளக் குடியிருப்புகள். “குடிதண்ணீரே இல்லாத, யாரும் வாழ்ந்திராத தீவு இது” என்றது குரல். எட்டிப் பார்த்தேன். அந்த வளைந்த கரையை எனக்குத் தெரியும்.

யாரும் வாழ்ந்திராத தீவாமே! நான் அங்கே வயிறு முட்டத் தண்ணீர் குடித்திருக்கிறேன்.

அப்போது எனக்குப் பம்புசெட் கம்பெனியில் ஃபிட்டர் வேலை. பட்டாளம் முதன்முதலாக அங்கே கூடாரம் போட்டபோது மோட்டார் மாட்ட என்னை அனுப்பினார்கள். கப்பலில் வாந்தி எடுத்தே பாதி உயிர் போனது. கரையில் இறங்கியதும் ஒரு செம்புத் தண்ணீரை நீட்டியவர் மரியக்கா. அங்கே குடியேறியிருந்த ஏழெட்டுத் தமிழ்க் குடும்பங்களில் ஒன்று அவருடையது. எல்லோருக்கும் ஒரே கிணறு. அப்படி ஒரு தித்திப்பு. சிறுவாணி ஆற்றுத் தண்ணீர் குடித்து வளர்ந்த கோயம்புத்தூர் வாய் சொல்கிறது, நம்பலாம்.

கூடாரங்கள் பெருகின, தண்ணீர் போதவில்லை. எங்கள் ஊர்ப் பக்கம் அதற்கு ஒரே வைத்தியம்தான்: இன்னும் ஆழமாகத் துளை போடு, பெரிய மோட்டாரை இறக்கு.

“வாளியில எடுக்குற வரைக்கும்தான் தம்பி இது நல்ல தண்ணி. அடியில கடல் இருக்கு” என்றார் மரியக்கா.

“ஏனுங்கக்கா, நாங்க ஆயிரம் அடியிலிருந்தே எடுக்கறவிங்க. பயப்படாதீங்க” என்றேன். பெரிய மேதாவி நான்.

கிணற்றடியிலேயே ஆழமாகத் துளை போட்டு, பெரிய மோட்டாரை இறக்கி ஓட விட்டேன். பத்தே நாள். கிளம்பும்போது மரியக்கா டீ கொடுத்தார். உப்புக் கரித்தது. திட்டுவார் என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

“சக்கர கூடப் போட்டுப் பாத்தேன் தம்பி” என்றார், அவ்வளவுதான்.

பட்டாளத்துக்குக் கப்பலில் தண்ணீர் வந்தது. அந்தக் குடும்பங்கள் ஒவ்வொன்றாக வேறு தீவுக்குப் போய்விட்டதாக, பிறகு போய்வந்த ஃபிட்டர் சொன்னார்.

செய்தியை மறுபடி ஓட்டச் சொன்னேன். கிணறு இருந்த இடத்தில் ஓடுதளம்.

“தண்ணியில்லாத காட்டுல ஆருங்க குடியிருப்பாங்க?” என்றார் மேசைக்காரர்.

“தண்ணி இருந்துச்சுங்க. நான்தான் உப்பாக்கிப்போட்டு வந்தேன்” என்றேன்.

நான் விளையாட்டுக்குச் சொல்வதாக நினைத்து அவர் சிரித்தார். போனில், அந்தக் கிணற்றின் மேல் ஒரு விமானம் இறங்கிக்கொண்டிருந்தது.