வெள்ளிக்கிழமைச் சத்தம்

கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் குறுகிய ஒழுங்கையில் குடியிருக்கும் யோகேஸ்வரி ரீச்சரிடம் பதினாறு ஸ்ரீ நம்பர் போட்ட பழங்காலத்துக் கார் ஒன்று இருக்கிறது. ரீச்சர் கணக்குப் படிப்பித்து ஓய்வுபெற்றவர். காரும் எப்போதோ ஓய்வுபெற்றிருக்க வேண்டியதுதான். ஆனால் புதுக் கார் விலையைக் கேட்டாலே தலை சுற்றுகிற இந்த நாளில் யார் அதை விடுவார்கள்? கனடாவிலிருக்கும் பிள்ளைகள், "அம்மா, அதை வித்துப்போட்டு ஓட்டோவில போங்கோ" என்று சொல்லும்போதெல்லாம், "அது உங்களை விட எனக்கு உதவியா இருக்குது" என்று போனை வைத்துவிடுவார்.

ரீச்சரிடம் எல்லாவற்றுக்கும் விடை இருக்கும். நாங்கள் கேட்க வேண்டிய அவசியம்கூட இல்லை. மரக்கறி விலை ஏன் ஏறியது, எங்கள் வீட்டுக் குழாய் ஏன் சொட்டுகிறது எல்லாம் மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்தே சொல்லிவிடுவார். கிருலப்பனையில் கராஜ் வைத்திருக்கும் ரிம்ஸானுக்கும், காரில் என்ன பிழை என்று ரீச்சர்தான் சொல்லுவார். அவரும் தலையாட்டிவிட்டுச் சொன்னதைக் கழற்றிப் பூட்டி அனுப்புவார். வாயாடி ஜெயிக்க முடியாத இடத்தில் அதுதானே புத்தி.

வெள்ளிக்கிழமைகளில் ரீச்சரோடு கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசர் கோயிலுக்குப் போகிறவர் இராமலெட்சுமி. மலைநாட்டுப் பொகவந்தலாவையிலிருந்து வந்து, எங்கள் ஒழுங்கையில் ஓர் அறையில் ப்ளவுஸ் தைத்துப் பிழைப்பவர். வாட்டசாட்டமான உடம்பு. முழங்கால் வருத்தத்தால் பஸ் ஏற முடியாது. வாரம் முழுக்கத் தையல் மெஷினோடு கிடக்கிறவருக்கு அந்த ஒரு பயணந்தான் வெளியுலகம். ரீச்சருக்கும் அப்படித்தான். அவர் சொல்வதை இடைமறிக்காமல் கேட்க இந்தக் கொழும்பில் மிஞ்சியிருந்தது இராமலெட்சுமி ஒருவர்தான். பின் சீட்டில் இடப்பக்கம், காலைக் கொஞ்சம் நீட்டிக்கொண்டு அவர் உட்காருவார்.

அப்போதுதான் காரில் அந்தச் சத்தம் தொடங்கியது. பள்ளம் மேட்டில் ஏறி இறங்கினால் "டொக்" என்று கேட்கும். அதுவும் வெள்ளிக்கிழமைகளில் மட்டும். மற்ற நாட்களில் ரீச்சர் றேடியோவை உச்சத்தில் வைத்துச் செய்தி கேட்டபடிதான் ஓடுவார். வெள்ளிக்கிழமை தேவாரம் படிப்பதற்காக அதை நிறுத்திவிடுவார். இது ஒழுங்கையில் எல்லோருக்கும் தெரியும். கணக்கு ரீச்சர் மட்டும் இந்த இரண்டையும் கூட்டிப் பார்க்கவில்லை.

"பின்பக்கம், இடது ஷொக் அப்சோபர். மாத்தும்" என்று ரிம்ஸானுக்கு உத்தரவு போனது. மாற்றினார். அடுத்த வெள்ளியும் "டொக்".

"நீர் ஏறினாத்தான் இராமலெட்சுமி, இது கத்துது" என்றார் ரீச்சர். பகிடியாகத்தான் சொன்னாராம். பிறகு நடுவில் இருக்கச் சொன்னார், மற்றப் பக்கம் இருக்கச் சொன்னார், பள்ளம் வரும்போது முன் சீட்டைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் எழும்பச் சொன்னார். முழங்கால் வருத்தக்காரி எழும்பினார், இருந்தார். அதற்கடுத்த வெள்ளி, "தைக்கிறதுக்கு நெறையக் கெடக்கு டீச்சர்" என்று வராமல் நின்றார். பிறகு வரவே இல்லை.

தனியே போகையில் யாருக்குத் தேவாரம் படிப்பது? ரீச்சர் வெள்ளிக்கிழமையும் றேடியோவைப் போட்டார். சத்தம் கேட்கவில்லை. "நான் சொன்னனான்தானே" என்று எங்களிடம் வெற்றியோடு சொன்னார். ஆனால் கோயிலால் வந்த பிறகும் காரை விட்டு இறங்காமல் வீட்டுக் கேற்றடியில் கொஞ்ச நேரம் சும்மா இருக்கத் தொடங்கினார். அவருக்குத் தனிமையாக இருந்தது. வேறொன்றுமில்லை.

ஒரு நாள் பம்பலப்பிட்டியில் ஸ்டியரிங் கையில் நடுங்கத் தொடங்கியதும் ரீச்சர் பயந்துபோனார். கூப்பிட்டதும் வீட்டுக்கு வந்த ரிம்ஸான், "றேடியோவ நிப்பாட்டுங்க அன்டி. நீங்க பின்னால, சத்தம் வந்த எடத்துலயே இரிங்க. நான் ஓடுறன்" என்றார்.

தன் காரின் பின் சீட்டில் ரீச்சர் உட்கார்ந்தது அன்றுதான் முதல் தடவை. ஒழுங்கை முனைப் பள்ளத்தில் "டொக்". அது அவருக்குக் கீழே கேட்கவில்லை. முன்னால், ட்ரைவர் சீட்டுக்கு அடியில் கேட்டது. திரும்ப ஒருமுறை போகச் சொன்னார். திரும்பவும் அங்கேதான்.

கராஜில் ஜக் அடித்து, வலப்பக்க முன்சில்லைப் பிடித்து ரிம்ஸான் ஆட்டினார். விழப்போகிற பல்லைப் போல அது ஆடியது.

"சில்லப் புடிச்சிருக்கிற போல் ஜொயின்ட் முடிஞ்சி. டைரொட்டும் சரியில்ல. ஒங்கட பக்கம் அன்டி, ட்ரைவர் சைட். ஒங்கட கேட்டடியில தண்ணி ஓடுற கான் மூடின சிலாப் ஒடஞ்சி கெடக்குதானே, அதுக்குள்ளதான் ஒவ்வொரு நாளும் சில்ல எறக்குறீங்க."

"அண்டைக்கே சொல்லியிருக்கலாமே?"

"ஷொக் அப்சோபர மாத்தச் சொன்னீங்க, மாத்தினேன். நீங்க என்னட்ட கேக்கல்லயே."

ரீச்சர் அங்கே கிடந்த எண்ணெய் படிந்த மர வாங்கிலேயே உட்கார்ந்துவிட்டார். சில்லு கழன்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற யோசனை வரவில்லை. இராமலெட்சுமியை எழும்பி எழும்பி இருக்கச் சொன்னதுதான் ஞாபகம் வந்தது. வெட்கமாக இருந்தது.

எல்லாம் மாற்றி, சில்லுகளையும் நேர்பார்த்து எடுத்த கார் வெண்ணெயாக ஓடியது. அந்த வெள்ளிக்கிழமை இராமலெட்சுமியின் அறை வாசலில் போய் ரீச்சர் ஹோன் அடித்தார். என்ன சொல்வது என்று இரவே யோசித்து வைத்திருந்தார். அதற்குள் இராமலெட்சுமி கோயிலுக்கு வெளிக்கிட்டபடி சிரித்துக்கொண்டு வந்தார்.

"நானே வரணும்னுதான் இருந்தேன் டீச்சர். பாருங்க, எளைச்சுப் போயி ப்ளவுஸ ரெண்டு வாட்டி புடிச்சுத் தச்சிட்டேன். ராத்திரிச் சோத்தையே விட்டுட்டேன். இனிமே நான் ஏறினாச் சத்தம் வராது."

ரீச்சர் பின் கதவைத் திறந்துவிட்டார். கார் புறப்பட்டது. ஒழுங்கை முனைப் பள்ளத்தில் இறங்கி ஏறியது. ஒன்றும் கேட்கவில்லை.

"பாத்தீங்களா டீச்சர்! சத்தமே இல்ல!" இராமலெட்சுமி சின்னப்பிள்ளை மாதிரிக் கைதட்டினார்.

இந்த இடத்தில் ரீச்சர் பேசாமல் இருந்திருக்கலாம். ரிம்ஸான் வந்து சொல்லப்போவதில்லை. இராமலெட்சுமிக்கும் சந்தோஷம், ரீச்சர் சொன்னதும் சரியாகப் போகும். காலி வீதி என்ற பெருந்தெருவில் கொஞ்சத் தூரம் அப்படி யோசித்துக்கொண்டுதான் ஓடினாராம். ரீச்சரும் இராமலெட்சுமியும் தனித்தனியே எனக்கு அன்று நடந்ததைச் சொன்னார்கள். இரண்டு கதையும் ஒத்துப்போகிறது. எங்கள் ஒழுங்கையில் அது அபூர்வம்.

பம்பலப்பிட்டி தாண்டியதும் ரீச்சர் காரை ஓரங்கட்டித் திரும்பிப் பார்த்தார்.

"இராமலெட்சுமி, அந்தச் சத்தம் உம்மால வரேல்லை. என்ர பக்கத்துச் சில்லு. நான்தான் கேற்றடியில போட்டு இடிச்சுப் பழுதாக்கினனான். தெரியாமல் உம்மைச் சொல்லிப்போட்டன். பிழை முழுக்க என்னில."

இராமலெட்சுமி வெளியே போகிற பஸ்களைப் பார்த்தார். நாலு வார்த்தை திட்டினால் நல்லது என்று ரீச்சர் காத்திருந்தார்.

"அப்ப, இனிமே நான் ராத்திரிக்குச் சோறு சாப்பிடலாங்களா, டீச்சர்?"

ரீச்சர் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதார்.