பிரான்சுக்குப் போன தீர்ப்பு

என் சித்தப்பா நாமக்கல்லில் கல்லூரிக்குப் போன காலத்தில் கொல்லிமலை மேலிருக்கும் எங்கள் ஊருக்கென்று கொண்டுவந்து சேர்த்தது ஒரே ஒரு பிரெஞ்சுப் படம். அதுவும் உருப்படியான படமில்லை. ஆனால் அன்றைக்கு நான் வாயைப் பிளந்தது போல அதற்குப் பிறகு எந்தப் படத்துக்கும் பிளந்ததில்லை.

கல்லூரியில் கெஞ்சிக் கூத்தாடி ஒரு புரொஜக்டரை வாங்கி, அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து வளைந்து வளைந்து ஏறும் பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தார். பக்கத்தில் இருந்தவர் வாந்தியெடுத்தபோதும் மடியை விட்டு இறக்கவில்லையாம். "பிரான்ஸ் நாட்டுக் காதல் படமுங்க, பெரிய பெரிய பரிசெல்லாம் வாங்குனது" என்று வீடு வீடாகச் சொல்லிவைத்தார். காதல் படம் என்றால் நாலு பாட்டு, ரெண்டு சண்டை, கடைசியில் ஒரு தாலி நிச்சயம் இருக்கும் என்று நம்பி, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஊரே பள்ளிக்கூடத்தில் கூடியது. ஜன்னல்களில் கம்பளிகளைத் தொங்கவிட்டு உள்ளே இருட்டாக்கினார்கள்.

அப்போது எங்கள் வீட்டில் ஒரு பிரச்சினை ஓடிக்கொண்டிருந்தது. அப்பாவின் தங்கை, என் அத்தை, புருஷன் வீட்டை விட்டு வந்துவிட்டாள். அது மூன்றாவது முறை. எங்கள் பக்கம் புருஷன் பெண்டாட்டிக்குள் ஒத்துவரவில்லையென்றால் ஊர் கூடிக் கேட்கும். சேர்ந்திருக்கவும் சொல்லும், பிரித்தும் விடும். பிரிந்து வந்தவளை யாரும் ஒரு மாதிரி பார்ப்பதில்லை. ஆனால் காரணம் என்று ஒன்று வேண்டும். அத்தையிடம் அதுதான் இல்லை. மாமா குடிக்கமாட்டார், கை நீட்டமாட்டார், காட்டுவேலையில் சுணங்கமாட்டார். பேசவும் மாட்டார், அவ்வளவுதான். மழைக்காலம் முழுக்க ஒரு வார்த்தை இல்லாமல் கழித்துவிடுவாராம். இதை ஒரு குறையென்று எப்படிப் போய்ச் சொல்வது? வழக்குத் தீர்க்கும் ஊர்க்கவுண்டர் முந்தைய இரண்டு தடவையும் "அனுசரிச்சுப் போ கண்ணு" என்று அவளைத் திருப்பி அனுப்பியிருந்தார். அடுத்த ஞாயிறு மறுபடி கூட்டம். இந்தத் தடவையும் அனுப்பத்தான் போகிறார்கள் என்று அம்மா மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள். அத்தை அழவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு படம் பார்க்க வந்து முன்னால் உட்கார்ந்தாள்.

சுவர் முழுக்க ஒரு பெண்ணின் முகம் வந்தது. எங்கள் வீட்டிலும் டிவி இருந்தது, முகங்களை நான் பார்க்காமலில்லை. ஆனால் இது எங்கள் வீட்டுக் கூரையை விட உயரம். அவள் கண்ணை மூடித் திறந்தால் என் மேல் காற்றடிக்கும் என்று நினைத்தேன். பிறகு கடல் வந்தது. மலையை விட்டு இறங்காத எனக்கு அதுதான் முதல் கடல். அலை என்னை நோக்கி வந்தபோது பாவாடையைச் சேர்த்துப் பிடித்துக் காலை மடக்கிக்கொண்டேன்.

மற்றவர்களுக்கு இந்தக் கொடுப்பினை இல்லை. படத்தின் அடியில் ஓடிய ஆங்கிலத்தைப் பார்த்து சித்தப்பா தமிழில் சொல்லிக்கொண்டு வந்தார். "உனக்கு என்னதான் வேணும்னு புருஷன் கேக்கறானுங்க." "அவ தெரியலைங்கறாளுங்க." இதையே வேறு வேறு அறைகளில் வைத்துப் பேசினார்கள். புருஷன் எந்நேரமும் பேப்பர் படித்தான். பெண்டாட்டி ஜன்னல் வழியாக எதையோ பார்த்தாள். புருஷனின் சிநேகிதன் ஒருவன் வந்தான். அவனாவது நல்லவனாக இருப்பான் என்று பார்த்தால், அவளிடமும் பொய் சொன்னான், தன் வீட்டிலும் போய்ப் பொய் சொன்னான். யாரும் ஒரு வேலையும் செய்யவில்லை.

"ஏனுங்க தம்பி, இதுல நல்லவங்க யாருங்க?" என்று பின்னாலிருந்து ஒருவர் பொறுமையிழந்து கேட்டார்.

"யாருமில்லீங்க" என்றார் சித்தப்பா, அசடு வழிய.

"பொறவு எதுக்குங்க இதைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருக்கறோம்?"

சித்தப்பா பதில் சொல்வதற்குள் கரண்ட் போய்விட்டது. வெளியே நல்ல மழை. எழுந்து போகவும் வழியில்லாமல் எல்லோரும் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். ஒரு கம்பளியைத் தூக்கிவிட்டதும் கொஞ்சம் வெளிச்சம் வந்தது. அத்தை திரும்பி ஊர்க்கவுண்டரைப் பார்த்தாள்.

"ஏனுங்க பெரியப்பா, இவங்க ரெண்டு பேரும் நம்மூர்க்காரங்களா இருந்து உங்ககிட்ட வந்தா என்னங்க சொல்லுவீங்க?"

சும்மா கிடந்த கூட்டத்துக்கு உயிர் வந்துவிட்டது. "அவன் ஒரு சுடுசொல் சொன்னானா? இவளுக்கு என்ன கொறைச்சல்?" என்றார்கள் சிலர். "சுடுசொல்லாவது சொல்லலாமில்ல? பேப்பர மொகத்துக்கு முன்னால புடிச்சுக்கிட்டே இருந்தா அவ ஆரு மொகத்தப் பார்ப்பா?" என்று ஒரு பெண் சண்டைக்கு வந்தாள். ஊர்க்கவுண்டர் நிஜமான வழக்கைப் போலவே துண்டைச் சரிசெய்துகொண்டு தொண்டையைச் செருமினார்.

"ரெண்டு பேருமே சேரலைன்னு பார்த்தாலே தெரியுது. இழுத்துப் புடிச்சு ஒரே ஊட்ல வெச்சு என்ன ஆவப்போவுது? அவ அப்பன் ஊட்டுக்கு வந்துரட்டும்."

"அவன் மேல குத்தம்னு ஒண்ணுமே இல்லாட்டியுங்களா?"

"குத்தம் எதுக்கு கண்ணு? சேரலைங்கறதே போதாதா?"

"அப்படியே ஆவட்டுங்க" என்றது கூட்டம்.

கரண்ட் வந்தது. படம் மறுபடி ஓடிக் கொஞ்ச நேரம்தான் இருக்கும். அந்தப் பிரான்சுக்காரி அலமாரியைத் திறந்து, துணியையெல்லாம் அள்ளிப் பெட்டியில் போட்டுக்கொண்டு, ரயில் ஏறிப் போயே போய்விட்டாள். பள்ளிக்கூடமே கைதட்டியது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இத்தனை நேரம் என்ன வேண்டுமென்றே தெரியாமல் நின்றவள் எங்கள் ஊர்க்கவுண்டர் ஒரு வார்த்தை சொன்னதும் கிளம்பிவிட்டாளே! கொல்லிமலையில் சொன்னது பிரான்சில் கேட்டிருக்கிறது. அன்றிலிருந்து அவர் எதிரே வந்தால் நான் ஒதுங்கி நின்று வழிவிட்டேன்.

அடுத்த ஞாயிறு கோயில் முன்னால் ஊர் கூடியது. மாமா தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். "அவன் மேல என்ன கொறை சொல்ற கண்ணு?" என்று கேட்டார் ஊர்க்கவுண்டர்.

"கொறை ஒண்ணுமில்லீங்க பெரியப்பா" என்றாள் அத்தை. "போன வாரம் அந்தப் பிரான்சுக்காரிக்கு நீங்க ஒண்ணு சொன்னீங்களே, அதையே எனக்கும் சொல்லுங்க."

அன்றைக்கு ஆகட்டும் என்று சொன்னவர்களெல்லாம் தரையைப் பார்த்தார்கள். இதில் பிரான்சுக்காரியை எதற்கு இழுக்கிறாள் என்று எனக்கு அத்தை மேல் எரிச்சலாகக்கூட இருந்தது. ஊர்க்கவுண்டர் துண்டைச் சரிசெய்துகொண்டார். பிறகு மாமாவிடம் திரும்பி, "நீ என்னப்பா சொல்ற?" என்றார்.

"பேசோணும்னுதானுங்க ஒவ்வொரு நாளும் நெனைக்கறேன்" என்றார் மாமா. "வரமாட்டேங்குதுங்க. அவ போவட்டுமுங்க, பாவம்."

அவர் குரலை நான் முதன்முதலாகக் கேட்டது அப்போதுதான். அத்தையும் அவ்வளவு நீளமாக அன்றுதான் கேட்டிருப்பாள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். ஊர்க்கவுண்டர் அந்தப் பிரான்சுக்காரிக்குச் சொன்னதையே அத்தைக்கும் சொன்னார்.

வீட்டுக்குத் திரும்பும்போது அத்தை என் கையை விடவே இல்லை. எனக்கோ மனசெல்லாம் படத்திலேயே இருந்தது.

"அத்தை, ரயில்ல போனாளே, அவ இப்ப அவங்கப்பா ஊட்ல என்ன பண்ணிக்கிட்டு இருப்பா?"

அத்தை நின்று, எங்கள் மரவள்ளிக் காட்டுப் பக்கம் பார்த்தாள். அழுத முகத்திலேயே சிரிப்பும் வந்துவிட்டது.

"நாளைக்கு விடிஞ்சா குச்சிக்கிழங்கு தோண்டப் போவா கண்ணு."

பிரான்சில்கூடக் குச்சிக்கிழங்கு விளைகிறதா என்று நான் அசந்துபோனேன். மறுநாள் பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் சொன்னேன்.