ஏழு சீசன் காய்ப்பு

வங்கியில் முப்பத்தாறு வருஷம் நான் பார்த்த வேலையை ஒரே வரியில் சொல்லிவிடலாம்: அடுத்தவர் நிலத்தின் மேல் கையெழுத்து வாங்குவது. மூலப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, வாரிசுச் சான்று என்று காகிதங்களை முன்னால் வைத்தால் போதும், எந்தப் பக்கத்தில் எந்தத் தாத்தா எந்தத் தம்பியை ஏமாற்றியிருக்கிறார் என்று வாசனையிலேயே சொல்லிவிடுவேன். ஓய்வு பெற்றுத் தென்காசியில் வந்து உட்கார்ந்த பிறகும் மூக்கு ஓய்வு பெறவில்லை. கல்யாணப் பத்திரிகை கொடுக்க வருகிற சொந்தக்காரர்கள்கூடத் தாம்பாளத்துக்கு அடியில் ஒரு பத்திர நகலையும் வைத்துக் கொண்டுவருவார்கள்.

ஆகவே என் தங்கை வந்து, இலஞ்சிப் பக்கம் கிடக்கிற முப்பது சென்ட்டில் அறைகள் கட்டப் போகிறேன் என்று சொன்னபோது எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. அவள் கணவர் ராணுவத்தில் இருந்தவர். ஓய்வு பெற்றபோது வந்த பணத்தில் அந்த நிலத்தை வாங்கிப் போட்டுவிட்டு, அதில் ஒரு செங்கல்கூட வைக்காமல் போய்ச் சேர்ந்தார். பிள்ளைகள் இல்லை. குடும்ப பென்ஷன் வருகிறது, அதில் பாதி வீட்டு வாடகைக்குப் போகிறது. குற்றாலத்துக்கு சீசனில் வருகிறவர்களுக்கு ஆறு அறை, கடைசியில் தனக்கு ஒரு அறை. இதுதான் அவள் திட்டம். அவளுக்கு இந்த உலகத்தில் இருந்த சொத்து அந்த முப்பது சென்ட் மட்டும்தான்.

"முப்பது லட்சம் ஆகும்னு கொத்தனார் சொல்லுதாரு. கடன் வாங்கித் தாங்கண்ணே" என்றாள்.

கடன் வாங்கித் தரச் சொல்லி என்னிடம் கேட்பது, நாதஸ்வரக்காரரிடம் ஒரு பாட்டு வாசியுங்கள் என்று கேட்பது மாதிரி. இருபத்தெட்டுப் பக்கத்தில் திட்ட அறிக்கை எழுதினேன். அதில் அறைகள் எத்தனை சதவீதம் நிரம்பும் என்று ஒரு பத்தி. அந்த எண்ணை எங்கிருந்து எடுத்தேன் என்று கேட்கக் கூடாது. என்னிடம் வந்த அறிக்கைகளில் அந்த எண்ணை எங்கிருந்து எடுத்தார்கள் என்று நானும் கேட்டதில்லை. என்னிடம் வேலை பழகியவர் இப்போது மேலாளராக இருக்கிற கிளையில் கொடுத்தேன். மூன்றே வாரத்தில் ஒப்புதல் கடிதம் வந்தது. முப்பது சென்ட் முழுவதும், அதில் எழும்பப்போகிற கட்டடத்தோடு, அடமானம். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று பென்சிலால் புள்ளிகூட வைத்திருந்தார்கள்.

தங்கை கடிதத்தைக் கையில் வாங்கிக்கொண்டு கேட்டாள். "தவணை மாசாமாசமாண்ணே?"

"ஆமா."

"அருவி மாசாமாசம் விழாதே."

நியாயம்தான். ஆனி, ஆடி, ஆவணியில் சாரல். பிறகு கார்த்திகை, மார்கழியில் ஐயப்ப சாமிகள் வருவார்கள். மற்ற மாதங்களில் குற்றாலத்தில் குரங்குகள்தான் நிரந்தரக் குடியிருப்பு. "அதுக்கும் வழி இருக்கு ஏட்டி" என்று சொல்லி, சீசன் முடிந்ததும் மொத்தமாகக் கட்டுகிற மாதிரி ஒரு தவணை அட்டவணை கேட்டு வாங்கினேன். எல்லோருக்கும் கிடைக்காது. எனக்குக் கிடைத்தது.

"சீசனே வரலன்னா?"

அதற்கான அட்டவணை எந்த வங்கியிலும் இல்லை. தொண்ணூறு நாள் பார்ப்பார்கள். பிறகு அது வாராக்கடன். அறுபது நாள் அவகாசம் கொடுத்து ஒரு நோட்டீஸ். அப்புறம் கதவில் ஒட்டுகிற இன்னொரு நோட்டீஸ், அதைப் பேப்பரிலும் போடுவார்கள். எனக்கு இதெல்லாம் மனப்பாடம். பசை வாளி பிடித்தவரோடு நானே பல வீடுகளுக்குப் போயிருக்கிறேன். அதைச் சொல்லாமல், "வரும், வராம எங்க போகுது" என்றேன். டாக்டர் சொல்வதற்குத் தலையாட்டுகிற மாதிரி ஆட்டினாள். கையெழுத்து மட்டும் போடவில்லை.

சரி, ஒப்பிட்டுப் பார்த்தால் புத்தி வரும் என்று நினைத்தேன். ஆபீசில் ஒரு நாற்காலி வாங்குவதென்றாலும் இரண்டாவது கொட்டேஷன் வேண்டும். முதல் ஆளிடம்தான் வாங்கப்போகிறோம் என்பது எல்லோருக்கும் தெரியும். இருந்தாலும் ஃபைலில் இரண்டாவது தாள் இருக்க வேண்டும். அந்த இரண்டாவது தாளாக நான் அழைத்து வந்தவர் புளியங்குடியில் எலுமிச்சை கமிஷன் கடை வைத்திருப்பவர். அந்த ஊர்க் கிளையில் நான் இருந்தபோது, கடன் வாங்குங்கள் என்று நடையாய் நடந்தும் வாங்காத ஒரே வியாபாரி. கையில் பணம் வைத்திருந்தார். முதலீடு செய்ய இடம் தேடிக்கொண்டிருந்தார்.

சித்திரை வெயிலில் வந்து இறங்கினார். வெள்ளைச் சட்டை, அதில் எலுமிச்சை வாசனை. என் தங்கை அவரை அண்ணாச்சி என்றாள், அவர் அவளை அக்கா என்றார். யாருக்கு வயது அதிகம் என்பது கடைசிவரை தெரியவில்லை. நிலத்தில் பக்கத்துக் கடைக்காரர் கொடுத்த மூன்று பிளாஸ்டிக் நாற்காலிகளைப் போட்டு, என் இருபத்தெட்டுப் பக்கத்தை நீட்டினேன்.

"தாளை அப்புறம் பாப்போம் சார்" என்று சொல்லிவிட்டு நிலத்தைச் சுற்றி நடந்தார். மேற்கே மலை உப்பு பூத்த மாதிரி வெளுத்துக் கிடந்தது. அருவி விழுகிற பக்கம் வெறும் பாறை. திரும்பி வந்து உட்கார்ந்தார்.

"அக்கா, சாரல் இல்லாத வருஷம் என்ன செய்விய?"

"ரூமு சும்மா கெடக்கும். நானும் சும்மா கெடப்பேன்."

"பேங்குக்காரன் சும்மா கெடப்பானா?" கேட்டுவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"அவன் எங்கன கெடப்பான்? கதவுல வந்து ஒட்டுவான். எங்க அண்ணனே எத்தனை கதவுல ஒட்டியிருக்காஹ."

இவளுக்கு அது எப்படித் தெரியும் என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது அவர் தன் பேச்சை ஆரம்பித்துவிட்டார். முப்பது லட்சமும் அவர் போடுவார். வட்டி இல்லை, தவணை இல்லை. லாபம் வந்தால் ஆளுக்குப் பாதி, வராவிட்டால் இருவருக்கும் இல்லை. பதிலுக்கு நிலத்தில் பாதி அவர் பெயருக்கு எழுதிக் கொடுக்க வேண்டும்.

நான் தங்கையைத் தனியே கூப்பிட்டுப் போய்ச் சொன்னேன். "ஏட்டி, நல்லா கேட்டுக்கோ. கடன் ஒருநாள் தீரும். பங்காளி தீர மாட்டான். இவருக்கப்புறம் இவர் மகன்மார் வருவாங்க. பாகப்பிரிவினை கேப்பாங்க. உன் அறைக்கு நடுவுல கோடு போடுவாங்க."

"கடன் வாங்கி மழை பேயலன்னா முழுசும் போயிரும். இவுஹள சேத்தா, மழை பேஞ்சாலும் பாதி போயிரும். அப்படித்தானண்ணே?"

முப்பத்தாறு வருஷம் நான் பக்கம் பக்கமாக எழுதிய விஷயம் இது. அவள் இரண்டு வரியில் சொல்லிவிட்டாள். அதுகூடப் பெரிதில்லை. அடுத்து நடந்ததைத்தான் இன்றுவரை நான் யாரிடம் சொன்னாலும் முழுசாகச் சொல்ல முடியாமல் தடுமாறுகிறேன்.

அவள் திரும்பிப் போய் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"அண்ணாச்சி, நீங்க எலுமிச்சைத் தோட்டம் குத்தகைக்கு எடுக்குதியல்லா?"

"வருஷா வருஷம் எடுக்குதோம்."

"மரத்தைக் கிரயம் பண்ணிக்கிடுவியளோ?"

"மரம் எனக்கு எதுக்குக்கா? காய்ப்பைத்தான் எடுக்கது."

"பூ உதுந்து போச்சுன்னா?"

"உதுந்தா என் நேரம். தோட்டக்காரன்ட்ட போயி துட்டைத் திருப்பிக் குடுன்னா கேக்க முடியும்? ஊரே சிரிக்கும்லா."

"அப்போ இதையும் அப்படியே எடுங்க. ரூமு என்னுது. அஞ்சு சீசன் காய்ப்பு உங்களுக்கு."

அவர் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு மலையைப் பார்த்தார். நானும் பார்த்தேன். அங்கே பார்க்க ஒன்றுமில்லை. எங்கள் இருவருக்கும் அவளைப் பார்க்கத் தைரியம் வரவில்லை, அவ்வளவுதான்.

"பத்து" என்றார்.

"பத்து வருஷத்துல நான் இருக்கனோ இல்லையோ. ஆறு."

"காய்க்காத வருஷத்தைக் கழிச்சிக்கிடணும்."

"அதென்ன நியாயம்? எலுமிச்சைக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணா?"

அவர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். "சார், உங்க பேங்குல இவுஹளயில்லா உக்கார வச்சிருக்கணும்" என்றார். காய்த்தாலும் காய்க்காவிட்டாலும் ஏழு என்று முடிந்தது. அறைகளைப் பார்த்துக்கொள்வது தங்கை பொறுப்பு. வசூலில் செலவு போக நாலில் ஒரு பங்கு அதற்காக அவளுக்கு, மூன்று பங்கு அவருக்கு. ஏழாவது சீசன் முடிந்த மறுநாள் அவருக்கும் அந்த நிலத்துக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

பஞ்சாயத்துப் புளியமரங்களை ஏலம் எடுக்கிறவர்களுக்கு நானே கடன் கொடுத்திருக்கிறேன். மாந்தோப்புக் குத்தகைக்குக் கொடுத்திருக்கிறேன். மரம் ஒருவருக்கு, காய்ப்பு ஒருவருக்கு என்பது எனக்குப் புதிதில்லை. விண்ணப்பத்தில் அதற்குத் தனிக் கட்டமே உண்டு. ஆனால் இன்னும் கட்டாத ஒரு கட்டடத்தைப் பார்த்து, அது ஒரு மரம் என்று சொல்ல எனக்குத் தோன்றவில்லை. நான் ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போட்டு, இந்தப் பக்கம் கடன், அந்தப் பக்கம் பங்கு என்று எழுதி வைத்திருந்தேன். அவள் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். என் தாளை வாங்கிப் பார்க்கக்கூட இல்லை. வீட்டுக்கு வரும் வழியில் ஆட்டோவில் அவளையே பார்த்துக்கொண்டு வந்தேன். "என்னண்ணே அப்படிப் பாக்குதிய?" என்றாள். அறுபது வருஷமாகப் பழகிய முகம்தான். எனக்கு யாரோ புதிய ஆள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற மாதிரி இருந்தது.

பத்திரம் நான் எழுதினேன். முதலில் ஒரு ஒப்பந்தம், கட்டி முடிந்ததும் ஏழு வருஷக் குத்தகைப் பத்திரம், வாடகை முழுவதும் முன்பணம், பதிவு கட்டாயம். பத்திர எழுத்தர் இரண்டு தடவை படித்துவிட்டு, "சார், இது கடனா, பங்கா?" என்று கேட்டார். "காய்ப்பு" என்றேன். அவர் என் உடம்புக்கு எப்படி இருக்கிறது என்று விசாரித்தார்.

அடுத்த வைகாசியில் ஆறு அறைகளும் எழும்பின. ஏழாவது அறையில் தங்கை பால் காய்ச்சினாள். முதல் சீசன். ஆனிச் சாரல் கச்சிதமாக ஆரம்பித்தது. அறைகளுக்கு முன்பதிவு குவிந்தது. பிறகு, கூட்டம் வருகிற நேரமாகப் பார்த்து, மலையில் மழை பிடித்துக்கொண்டது. விட்டால்தானே? எல்லா அருவியிலும் வெள்ளம், குளிக்கத் தடை. ஒருநாள் நீக்கினால் மறுநாள் மறுபடி தடை. குளிக்க முடியாத குற்றாலத்துக்கு யார் வருவார்கள்? போன் அடித்தால் ரத்து செய்கிறவர்கள்தான். ஆடி முழுவதும் இரண்டு அறைக்கு மேல் நிரம்பவில்லை.

வியாபாரி வந்தார். நான் பத்திர நகலோடு தயாராக இருந்தேன். சாரல் இல்லாததற்குத்தான் பேசினோம், இது வெள்ளம், வறட்சி அல்ல என்று வாதாட ஒரு வக்கீலுக்கு அரை மணி நேரம் போதும். இன்னொரு சீசன் சேர்த்துக் கேட்பார் என்று எதிர்பார்த்தேன். நானாக இருந்தால் கேட்டிருப்பேன். தங்கை டீயைக் கொண்டுவந்து வைத்தாள். வைத்துவிட்டு உள்ளே போகாமல் வாசற்படியிலேயே நின்றாள். அவர் கொடுத்த பணமெல்லாம் சுவராகவும் கதவாகவும் ஆகிவிட்டது, திருப்பிக் கொடுக்க அவளிடம் ஒன்றுமில்லை.

அவர் டீயைக் குடித்தார். காலியாகக் கிடந்த அறைகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார். நாலாவது அறையில் ஜன்னலோரம் ஈரம் இறங்குகிறது, சிமெண்ட் பூசச் சொல்லுங்கள் என்றார். அவ்வளவுதான். "இந்தத் தடவ பூ உதுந்துட்டு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு செருப்பை மாட்டினார்.

"இம்புட்டு தூரம் வந்துட்டு தண்ணியப் பாக்காமப் போறதா? வாங்க சார். அக்கா, நீங்களும் வாங்க."

பேரருவிக்குப் போனோம். தூரத்திலேயே போலீஸ் கயிறு கட்டியிருந்தது. அருவிக்கு முன்னால் கட்டியிருக்கிற பாதுகாப்பு வளைவைக் காணவில்லை, தண்ணீர் அதைத் தாண்டி வந்து விழுந்துகொண்டிருந்தது. சேறும் பாறையுமான நிறம். சத்தம் காதில் கேட்கவில்லை, நெஞ்சில் கேட்டது. சாரல் பட்டு என் கண்ணாடி மங்கிவிட்டது. துடைத்துப் போட்டேன், உடனே மறுபடி மங்கியது.

"அங்கன விழுகது பூரா உங்க துட்டு அண்ணாச்சி" என்று தங்கை அவர் காதருகே கத்தினாள். பயம் விட்டுப்போன குரல்.

அவர் கேட்ட மாதிரியே தெரியவில்லை. செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, கயிற்றில் வயிறு பட நின்று, "அடேயப்பா, எம்புட்டு!" என்றார். போலீஸ்காரர் விசில் ஊதி எங்களைப் பின்னால் போகச் சொன்னார். நானும் தங்கையும் இரண்டு அடி பின்னால் வந்தோம். அவர் நகரவில்லை. முப்பது லட்சத்தில் ஒரு வருஷத்துப் பங்கை அடித்துக்கொண்டு போகிற தண்ணீரை, வாயைத் திறந்தபடி, கழுத்து வலிக்க மேலேயே பார்த்துக்கொண்டிருந்தார்.