அண்ணையின் மேல் அறை

ஓய்வுபெற்ற பிறகு அண்ணை யாழ்ப்பாணத்தில்தான் இருக்கிறார். கோடையில் மட்டும் லண்டன் இல்ஃபோர்டில், தங்கச்சி என் வீட்டுக்கு வந்து தங்குவார். போன கோடையில் அவருடைய இங்கிலாந்து வரிக் கணக்கைக் கொடுக்கக் கணக்காளரிடம் போனோம். அவர் இந்த நாட்டில் வசிப்பவரா இல்லையா என்று தீர்மானிக்க வேண்டியிருந்தது. கணக்காளர் கேட்டார்: "இஞ்ச தங்க உங்களுக்கெண்டு ஒரு இடம் இருக்கோ?"

அப்படி ஒரு இடம் இருந்தால் இந்த நாட்டில் வசிப்பவராகக் கணக்கிட்டு வரி கூடலாம் என்று எனக்குத் தெரியும். "இல்லை, வந்தா சோபாவிலதான் படுப்பார்" என்று நான் முந்திக்கொண்டேன்.

அண்ணைக்கு முகம் கறுத்துவிட்டது. "இவளுக்கு விசர். மேல் அறை என்ரை. கதவில என்ரை சாரம் தொங்குது. ஓம் எண்டு எழுதுங்கோ."

வீடு வந்ததும் மேலே போய் அவருடைய தலையணைக்கு உறை மாற்றினேன்.