கோப்பிக்குப் போட்ட சோறு

நான் சமைத்ததை முதன்முதலில் ரசித்துச் சாப்பிட்டது எங்கள் வீட்டு நாய்தான். அதன் பெயர் கோப்பி. காப்பியை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். அதன் நிறமும் அதுதான். சாக்கடையோரம் நடுங்கிக்கொண்டு கிடந்த குட்டியை அம்மாதான் முந்தானையில் சுற்றி எடுத்து வந்து வளர்த்தாள். பிறகு அம்மா வேலைக்குப் போய்விட்டாள். நாய் என்னிடம் வந்து சேர்ந்தது.

அப்போது எனக்கு ஒன்பது வயது. அம்மா எல்லையோரம் ஜொகூரில் சித்தி வீட்டில் தங்கிக்கொண்டு, தினமும் சிங்கப்பூருக்குப் போய்த் துப்புரவு வேலை செய்தாள். அப்பா பக்கத்து மலையூரான திரிங்காப்பில் தோட்டம் வைத்திருந்த ஒரு தவுக்கேயிடம், சீன முதலாளியிடம், காய்கறி லோரி ஓட்டினார். சாயங்காலம் ஐந்து மணிக்குக் கிளம்பினால், கோலாலம்பூர் சந்தையில் சரக்கை இறக்கிவிட்டு, மறுநாள் நான் பள்ளிக்கூடம் போன பிறகுதான் வீடு வருவார். நான் திரும்பும்போது போர்வைக்குள் இருப்பார். "அப்பாவ எழுப்பாத. தூக்கம் கெட்டா லோரி ஓட்ட முடியாது" என்று அம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.

அம்மா தேயிலை கிள்ளிய காலத்தில் கிடைத்த லயத்து வீட்டில்தான் நாங்கள் இன்னும் இருந்தோம். தெரிந்த குடும்பங்கள் ஒவ்வொன்றாக டவுனுக்குப் போய்விட்டன. பக்கத்து வீடுகளில் வங்காளதேசத்து ஆட்கள். என்னைப் பார்த்தால் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். அதற்கு மேல் எங்களுக்குள் பாஷை கிடையாது. எட்டு வீடு தள்ளி இருந்த ஓர் அக்கா மட்டும் இருட்டியதும் வந்து ஜன்னலைத் தட்டுவாள்.

"பூட்டிட்டியா?"

"பூட்டிட்டேன்க்கா."

"சரி, படு."

பெரும்பாலான நாட்களில் என்னிடம் யாராவது பேசிய கடைசி வார்த்தை அதுதான்.

சோறு வடிக்கவும் முட்டை பொரிக்கவும் நானே கற்றுக்கொண்டேன். அப்பா வழியில் கடையிலேயே சாப்பிட்டுவிடுவார். நான் மூடிவைத்த தட்டை, "பசிக்கலம்மா" என்று சொல்லித் திரும்பவும் மூடுவார். ஆக, என் சமையலுக்கு இருந்த ஒரே ஆள் கோப்பி.

"சோத்துல கொஞ்சம் காயும் போடு, நல்லது" என்று அம்மா சொல்லியிருந்தாள். காய்க்கு எங்கள் வீட்டில் பஞ்சமில்லை. கோணலாக முளைத்த கேரட், வெளி இலை அழுகிய கோபிஸ் என்கிற முட்டைக்கோஸ், கட்டு அவிழ்ந்த வெங்காயத்தாள் என்று தரம் பிரித்துத் தள்ளியதையெல்லாம் அப்பா பையில் அள்ளி வருவார். கேரட்டை அவித்துப் போட்டேன். கோப்பி முகர்ந்து பார்த்துவிட்டு, மரியாதைக்கு ஒரு துண்டைத் தின்றுவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டது.

ஒரு நாள் வெங்காயத்தையும் வெங்காயத்தாளையும் நெத்திலியோடு எண்ணெயில் வதக்கிச் சோற்றில் பிசைந்து வைத்தேன். கோப்பி சட்டியை நக்கியது. நக்கி முடித்த பிறகும் சட்டியைத் தரையில் தள்ளிக்கொண்டு சமையலறை முழுக்கச் சுற்றி வந்தது. எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. மறுநாள் வெங்காயத்தைக் கூட்டினேன். அதற்கடுத்த நாள் இன்னும் கூட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை அம்மா போன் செய்தாள். வழக்கம்போல முதல் கேள்வி, "கோப்பி சாப்பிடுதா?"

"சட்டியக்கூட விடமாட்டேங்குதும்மா. என் சமையல்னா அதுக்கு உயிரு."

"நீ சாப்பிடுறியா?" என்று அம்மா அதற்குப் பிறகுதான் கேட்டாள்.

புதன்கிழமை பள்ளிக்கூட பஸ்ஸிலிருந்து இறங்கியபோது, தேயிலைச் சரிவின் மூலையில் எனக்காக நிற்கும் நாயைக் காணவில்லை. வீட்டுக்கு ஓடினேன். அடுப்புக்குப் பக்கத்தில் கிடந்தது. கூப்பிட்டதும் வாலை ஒரு தடவை தரையில் அடித்தது, எழுந்திருக்கவில்லை. கீழே ஈரம். ஒன்றுக்குப் போயிருந்தது; அது கடுந்தேநீர் நிறத்தில் இருந்தது. அம்மா வந்து கேட்டால் என்ன சொல்வது என்றுதான் முதலில் தோன்றியது. அம்மாவின் கட்டளையை மீறி அப்பாவை உலுக்கி எழுப்பினேன்.

அப்பா நாயின் உதட்டைத் தூக்கிப் பார்த்தார். ஈறு வெளுத்திருந்தது. உடனே போனை எடுத்து, "தவுக்கே, இன்னிக்கு லோரி எடுக்க முடியாதுலா, வேற ஆளப் பாருங்க" என்றார். எனக்குக் காய்ச்சல் அடித்த நாளில்கூட அவர் அப்படிச் சொன்னதில்லை.

எங்கள் பழைய காரில் கம்போங் ராஜா வழியாக, மலைக்குக் கீழே இருக்கும் ஈப்போ டவுனுக்கு இறங்கினோம். வளைவுக்கு வளைவு கோப்பியின் தலை என் மடியிலிருந்து வழுக்கியது. ஒவ்வொரு தடவையும் தூக்கி வைத்தேன்.

மிருக டாக்டர் ஒரு சீனப் பெண்மணி. என்ன சாப்பாடு போடுகிறீர்கள் என்று மலாயில் கேட்டார். நான் முந்திக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். வெங்காயம் என்றதும் அவர் எழுதுவதை நிறுத்தினார். வெங்காயம், பூண்டு, வெங்காயத்தாள் எதுவானாலும் நாயின் ரத்தத்தைக் கெடுக்கும், வேகவைத்தாலும் அந்தக் கெடுதல் போகாது என்றார். நான் நாயைப் பார்க்காமல் என் செருப்பைப் பார்த்தேன்.

அவர் குனிந்து என்னிடம் மெதுவாகக் கேட்டார். "வீட்டுல யாரு சமைக்கிறது?"

நான் வாயைத் திறப்பதற்குள் அப்பாவின் கை என் தோளில் விழுந்தது. "நான்தான் டாக்டர். தெரியாமப் போட்டுட்டேன்."

"அம்மா?"

"வேலைக்குப் போயிருக்காங்க. சாயங்காலம் வந்துடுவாங்க."

சமைத்தது நான். தப்பு என்னுடையது என்றால் சமையலும் என்னுடையதுதானே? அதை அப்பா எடுத்துக்கொண்டது எனக்குக் கோபமாக இருந்தது. ஆனால் இரண்டாவதாக அவர் சொன்னதை நான் நம்பிவிட்டேன். கோப்பியை அங்கே விட்டுவிட்டு மலையேறும்போது, எனக்குத் தெரியாமல் அம்மா கிளம்பியிருக்கிறாள் என்று கணக்குப் போட்டபடி வந்தேன். தோட்டத்துப் பாதையில் திரும்பியதும் எட்டிப் பார்த்தேன். எங்கள் வீட்டில் மட்டும் விளக்கு எரியவில்லை. அப்பா காரை நிறுத்திவிட்டு உடனே இறங்கவில்லை.

நான்கு நாள் கழித்துக் கோப்பி தள்ளாடிக்கொண்டு வீடு வந்தது. அதற்கடுத்த வாரம் அப்பா லோரியை விட்டுவிட்டு, அதே தவுக்கேயின் தோட்டத்தில் பகலில் காய் கட்டும் வேலைக்குப் போக ஆரம்பித்தார். சம்பளம் குறைவு என்று அக்காவிடம் சொல்வதைக் கேட்டேன். சாயங்காலமானால் அடுப்படியில் நிற்பார். மருந்தடித்த காய் என்று கேரட்டை மூன்று தண்ணீரில் கழுவி, பொடியாக நறுக்கி, உப்பும் எண்ணெயும் இல்லாமல் அவித்துச் சோற்றில் கலப்பார். பூசணி, பீன்ஸ் என்றாலும் அப்படியே. சோளத்தை மணியாக உதிர்த்துத்தான் போடுவார். நடுத்தண்டு குடலில் அடைத்துக்கொள்ளுமாம். கோபிஸ் கொஞ்சம்தான், அதிகம் போனால் வயிறு உப்பும். நாய்க்கு வைத்த பிறகு, எங்கள் இருவருக்கும் வெங்காயம் போட்டுத் தனியாகத் தாளிப்பார். ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டோம்.

அம்மா போனில் ஏன் வேலையை மாற்றினீர்கள் என்று கேட்டிருக்க வேண்டும். "நாயப் பாத்துக்க ஒரு ஆளு வேணும்ல" என்றார் அப்பா, என்னைப் பார்க்காமல்.

எனக்குக் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது. ஆனாலும் பள்ளிக்கூடத்தில் எல்லாரிடமும் பெருமையாகச் சொல்லித் திரிந்தேன்: எங்க அப்பா நாய்க்காக லோரி வேலையையே விட்டுட்டாரு.