ஒன்பது நாள் மிச்சமிருந்த கோப்பு

உப்பளத்திலிருந்து நேராக எங்கள் வரி அலுவலகத்துக்கு வந்த அந்தப் பெண், பெஞ்சில் உட்கார மறுத்து நின்றது இன்னும் கண்ணில் நிற்கிறது. சேலை ஓரத்தில் உப்பு காய்ந்து வெள்ளைக் கோடாகியிருந்தது. பெஞ்சு அழுக்காகிவிடுமே என்று கூச்சம். கையில் நாங்கள் அனுப்பிய சம்மன்.

"நான் ஏதோ கம்பெனி ஓனருன்னு இதுல போட்டிருக்குதாம். எனக்கு ஊரு அனுமந்தைங்க. மரக்காணத்துல உப்பு வாரப் போறேன்" என்றார்.

அவர் பெயரில் பழைய இரும்பு விற்பதாக ஒரு நிறுவனம் பதிவாகியிருந்தது. சரக்கே கைமாறாமல் வெறும் பில் போட்டு வரி ஏய்த்த நிறுவனம். அதற்கு நோட்டீஸ் அனுப்பச் சட்டம் கொடுத்த கெடுவில் அன்றைக்கு ஒன்பது நாள்தான் பாக்கி. அது தாண்டிவிட்டால் ஏய்த்தவரை அந்த வரிக்காகக் கேட்க வழியில்லை. அத்தனை காலம் கோப்பு எங்கே இருந்தது? என் அலமாரியில். வேறொரு கட்டோடு சேர்த்துக் கட்டி ஒன்றரை வருடம் மறந்துபோயிருந்தேன். முந்தின வாரம்தான் கண்ணில் பட்டு, அவசரமாகச் சம்மன் அனுப்பியிருந்தேன்.

எங்கள் உதவி ஆணையர் மேடம் வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அதிகம் பேசமாட்டார், பேசினால் சுருக்கென்றிருக்கும். அவரிடம் உண்மையைச் சொன்னேன். சொன்ன கையோடு ஒரு யோசனையும் சொன்னேன்: பதிவு அந்தப் பெண்ணின் பெயரில்தானே இருக்கிறது, நோட்டீஸை அவருக்கே அனுப்பிவிட்டால் கெடுவுக்குள் நம் வேலை முடிந்துவிடும். இன்று நினைத்தாலும் கூசுகிறது.

"கெடு நமக்கு வச்சது. அதுக்கு அந்தம்மா கழுத்த புடிக்கறதா? ஜீப்ப எடுக்கச் சொல்லுங்க" என்றார் மேடம்.

மறுநாள் காலையிலேயே உப்பளத்துக்குப் போனோம். பாத்தி வரப்பில் செருப்பைக் கழற்றிவிட்டு நடந்து, வேலைக்கு நடுவிலேயே அந்தப் பெண்ணின் வாக்குமூலத்தை வாங்கினார் மேடம். லோன் வாங்கித் தருவதாகச் சொல்லி ஒருவன் ஆதார் அட்டையையும் போட்டோவையும் வாங்கிப் போயிருக்கிறான். ஆள் பெயர் தெரியாது. "திண்டிவனத்துல ஒரு இரும்புக் கடைல வச்சுத்தாங்க கைநாட்டு வாங்குனான்" என்ற ஒரு வாக்கியம் மட்டும் கிடைத்தது. நிறுவனத்தின் முகவரிக்குச் சான்றாகக் கொடுத்திருந்த கரண்ட் பில்லும் அதே கடையுடையதுதான். வங்கிக் கணக்கைத் தோண்டினால், வந்த பணமெல்லாம் அந்தக் கடைக்காரரிடமே போயிருந்தது.

கடைக்காரருக்குச் சம்மன் போனது. முதலில் காய்ச்சல் என்றார். பிறகு அவருடைய வக்கீல் வந்து, "ஒரு வாரம் டைம் குடுங்க மேடம், எல்லா ரெக்கார்டும் கொண்டாந்துடறோம்" என்று பணிவாகக் கேட்டார். கெடு முடிய அப்போது மூன்று நாள்.

"ஒரு வாரம் கழிச்சு நீங்க வரமாட்டீங்க சார். நாளைக்குக் கொண்டாங்க" என்றார் மேடம், சிரிக்காமல்.

யாரும் வரவில்லை. இருக்கிற சான்றுகளை வைத்து நாற்பது பக்கம் எழுதினார். நான் தட்டச்சு செய்தேன். கடைசி நாள் மதியம் நோட்டீஸைக் கடைக்காரர் கையிலேயே கொடுத்துக் கையெழுத்து வாங்கினோம். பிறகு வரியும் அபராதமும் அவர்மேல் உறுதியாயின. குற்ற வழக்கு இன்னும் நடக்கிறது. உப்பளத்துப் பெண்ணின் பெயர் சாட்சிப் பட்டியலில் மட்டும் இருக்கிறது.

ஆனால் அந்த ஒன்பது நாளில் கவனிக்க ஆளில்லாமல் வேறொரு சிறிய கோப்பு கெடு தாண்டிவிட்டது. அதற்காக மேடத்துக்கு மெமோ வந்தது. பதவி உயர்வு தள்ளிப்போனது. அவசரத்தில் அதை என்னிடமாவது ஒப்படைத்திருக்கலாம் என்று எனக்கு இன்றும் ஒரு குறை உண்டு.

இப்போது அதே பிரிவுக்கு நான் கண்காணிப்பாளர். போன மாதம் பழைய கடிதங்களைப் புரட்டியபோது, இரும்புக் கோப்பின் தாமதத்துக்குக் காரணம் யார் என்று அந்த ஒன்பது நாளின் தொடக்கத்திலேயே மேலிடம் கேட்டதும், மேடம் எழுதிய பதிலும் கண்ணில் பட்டன. 'பிரிவின் பொறுப்பு என்னுடையது.' என் பெயர் எங்குமே இல்லை.

ஓய்வுபெற்றுப் புதுச்சேரியில் இருக்கும் அவருக்குப் போன் செய்து, ஏன் மேடம் அப்படி எழுதினீர்கள் என்று கேட்டேன்.

"உங்க பேர எழுதியிருந்தா ஒம்போது நாளும் நீங்க உக்காந்து விளக்கம் எழுதிட்டிருப்பீங்க" என்றார். "நோட்டீஸ யாரு டைப் பண்றது?"